வராதவர் பட்டியல்

சிலிம் ரிவரிலிருந்து இருபத்திரண்டு பேர்.
ஆரஞ்சுத் தொப்பி, கழுத்தில் அட்டை,
பெட்டிக்குள் ஆளுக்கொரு பாட்டில் சம்பல்.
மூன்று வருடம், மாதம் இருநூறு வெள்ளி,
சீட்டுக் கட்டி எகிப்து பார்த்து வந்தோம்.

கேட்பவர்களுக்கெல்லாம் பிரமிடைத்தான் சொல்கிறேன்.
அது எளிது.
ஒட்டகம் உட்கார மாட்டேனென்று
ஞானப்பிரகாசம் அரைமணி நேரம்
மேலேயே இருந்ததையும் சொல்கிறேன்.
சிரிக்கிறார்கள். காப்பி ஆறுகிறது.

கர்நாக்கில் நூற்று முப்பத்து நான்கு தூண்கள்.
மற்றவர்கள் அண்ணாந்தார்கள்.
நான் குனிந்து நிரை பிடித்துப் பார்த்தேன்.
செம்பனை எண்ணிய கண்
கோயிலுக்குள் போனால் மட்டும் சும்மா இருக்குமா?
தவமலர் ஒரு தூணைத் தட்டி
"கரையான் ஏறாது" என்று சான்றிதழ் கொடுத்தாள்.

மன்னர்களின் பள்ளத்தாக்கில்
ஒரு டிக்கெட்டுக்கு மூன்று கல்லறை.
எந்த மூன்று என்று பஸ்ஸுக்குள் சண்டை.
இறங்கினோம், இன்னும் இறங்கினோம்.
கூரை முழுக்க நட்சத்திரங்கள்,
பாலர் பள்ளிப் பிள்ளைகள் வரைவதுபோல் ஐந்து முனை.
வேர்வை வாடை எங்களுடையது.
மூச்சு வாங்கிக்கொண்டே குழுத்தலைவர்
"கரண்டு பில் யார் கட்டுகிறார்கள்?" என்றார்.

கடைசி நாள்,
யாருக்கும் இறங்க மனமில்லாத ஓர் இடம்.
கல்லறை வெட்டினவர்கள் குடியிருந்த ஊராம்.
கூரை இல்லை. இடுப்பளவுச் சுவர்,
தோளோடு தோள் ஒட்டின வீடுகள்,
நடுவில் ஒரே சந்து.
"லயம்" என்றேன்.
வழிகாட்டி ஹோஸாம்
அந்தச் சொல்லை இரண்டு முறை கேட்டுக்கொண்டான்.

பிறகு போனில் ஒரு படம் காட்டினான்.
கல் சில்லு, உடைந்த தோசைபோல.
பெரட்டுக் கணக்கு!
மூவாயிரம் வருடத்துக்கு முந்திய கிராணி ஒருவன்
கறுப்பு மையில் நாளெழுதி
அதன் தலையில் சிவப்பு மையில்
வராததற்குக் காரணம் எழுதியிருக்கிறான்.
ஹோஸாம் படித்தான்:
தேள் கடி.
கண் நோவு.
தாயை அடக்கம் செய்யப் போனான்.
பீர் காய்ச்ச நின்றுவிட்டான்.

பீருக்குப் பஸ்ஸே சிரித்தது.
நான் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

அசல் கல் லண்டனில் இருக்கிறதாம்.
எங்கள் தோட்டத்துப் பழைய கணக்குகளும்
அங்கேதான் கப்பலேறின.

திங்கள், காலை ஆறேகால்.
ஆலை அலுவலகத்தில்
விரல்ரேகைப் பெட்டி பச்சையாய் மினுக்குகிறது.
நேபாள விரல், வங்காள விரல், லோம்போக் விரல்,
எண்ணெய் பட்டு ரேகை தேய்ந்த விரல்.
வராதவன் பெயருக்கு நேரே ஒரு சுழி.
பதினேழு வருடமாய் என் வேலை அந்தச் சுழி.
அதையடுத்து 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு,
தீப்பெட்டி அகலம். எப்போதும் காலி.

இன்று இரண்டு சுழி.
ரஃபீக்குல். டில் பகதூர்.
"ஏன் வரல?" என்றேன்.
மண்டோர் ஆறுமுகராசன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
கேட்டு வா என்றதும்
மோட்டாரை உதைத்துக்கொண்டு போனான்,
எகிப்துக் காற்று பட்டுவிட்டது இவளுக்கு
என்று முணுமுணுத்தபடி.

திரும்பி வந்தான்.
ரஃபீக்குலுக்குக் குளவி, கண்ணிமையில்.
டில் பகதூருக்கு ஊரில் மகள் பிறந்திருக்கிறாள்.
விடியும்வரை போனில் பார்த்துக்கொண்டிருந்தானாம்,
இப்போதுதான் தூங்குகிறான்.

இருவருக்கும் ஒருநாள் சம்பளம் பிடிப்பார்கள்.
அதை நான் மாற்ற முடியாது.
மேசையறையில் துழாவினேன்,
சிவப்புப் பேனா, மூடி இல்லாதது,
தாளில் நாலு கிறுக்குக்குப் பிறகு மை வந்தது.
ஆடிட்டருக்குத் தமிழ் தெரியாது.
தெரிந்தவன் யாராவது படித்துச் சொல்லட்டும்.

குளவி, என்று எழுதினேன். இடம் இருந்தது.
மகள் பிறந்தாள், என்று எழுதினேன்.
கடைசி ள் மட்டும்
கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.